மதம் மாறிய மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் நிலத்தில் பாத்தியம் உண்டா?

கேள்வி: என் பாட்டனார் 1961-இல் தம் பெயரில் கிரயம் வாங்கிய ஆறு ஏக்கர் நஞ்சை எங்கள் ஊரில் இருக்கிறது. அவருக்கு என் தந்தை, சித்தப்பா என இரண்டே பிள்ளைகள். தந்தை 1978-இல் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். அக்காள் 1976-இலும், நான் 1981-இலும், தம்பி 1984-இலும் பிறந்தோம். பாட்டனார் உயில் எழுதாமல் 1994-இல் காலமானார். தந்தை 2009-இலும், பாட்டி 2012-இலும் காலமானார்கள். பாட்டியும் உயில் எழுதவில்லை. நிலம் முழுவதையும் சித்தப்பாவே பயிரிட்டு வருகிறார். 2016-இல் பங்கு கேட்டபோது, "வேதத்தில் சேர்ந்தவன் பிள்ளைகளுக்கு ஒரு சென்டுகூடக் கிடையாது" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சொல்லிவிட்டு, பட்டாவையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். இப்போது மனை போட்டு விற்பவர்களிடம் பேரம் பேசுகிறார். நான் தாய் மதத்துக்குத் திரும்பினால் பங்கு கிடைக்குமா? அக்காள் கல்யாணமாகிப் போய்விட்டதால் அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை அல்லவா?

— வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: தங்கள் நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டுமே மேலே தந்திருக்கிறேன். சித்தப்பாவின் மீது தாங்கள் அடுக்கியிருக்கும் குற்றச்சாட்டுகள் எத்தனை உண்மையாயினும், அவற்றுள் ஒன்றேனும் இந்த விவகாரத்தை நிர்ணயிக்கப் போவதில்லையாதலால் அவற்றை விட்டுவிட்டேன். இதை நிர்ணயிப்பது ஒரே ஒரு விஷயம்: உங்கள் குடும்பத்தில் யார், எந்த வரிசையில் காலமானார்கள் என்பது. ஒருவர் இறக்கும் அந்தக் கணத்திலேயே அவருடைய சொத்தின் வாரிசுரிமை திறக்கிறது. அந்தக் கணத்தில் யார் உயிருடன் இருந்தார், அவர் எந்த மதத்தினராக இருந்தார் என்பதையே சட்டம் கேட்கும். பிற்பாடு நிகழ்ந்தவற்றைக் கேட்காது.

மதம் மாறியவன் தன் குலத்துச் சொத்தை இழந்துவிடுகிறான் என்னும் எண்ணம் நம் கிராமங்களில் இன்றளவும் வேரூன்றியிருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய இந்து தர்ம சாஸ்திர முறைப்படி, சாதியினின்று விலக்கப்பட்டவனுக்கு வாரிசுரிமை இல்லையென்பதே கொள்கையாக இருந்தது. அதை மாற்றி, மதத்தைத் துறந்ததாலோ சாதியினின்று விலக்கப்பட்டதாலோ ஒருவருடைய சொத்துரிமை போய்விடாது என்று 1850-ஆம் ஆண்டின் 21-ஆவது சட்டம் விதித்தபோது, வங்காளத்திலும் சென்னை ராஜதானியிலும் பலத்த ஆட்சேப மனுக்கள் எழுந்தன. ஆயினும் சட்டம் நின்றது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தன்னில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணங்களையன்றி வேறு எக்காரணத்தாலும் எவரும் வாரிசுத் தகுதியை இழக்கமாட்டார் என்று 28-ஆவது பிரிவில் கூறுகிறது. மதம் மாறிய மகனோ மகளோ தாமே தகுதியிழப்பதாக அந்தச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. இஸ்லாத்தைத் தழுவிய பெண்களுக்கு இந்துத் தந்தையின் சொத்தில் உள்ள பங்கை, குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இலும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-இலும் இதே நியாயத்தின்மேல் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

ஆகவே, 1994-இல் பாட்டனார் காலமானபோது, அவருடைய சுயார்ஜிதமான ஆறு ஏக்கரும் பாட்டி, தங்கள் தந்தை, சித்தப்பா ஆகிய மூவருக்கும் சமமாக இறங்கிற்று. தந்தை அப்போது கிறிஸ்தவராக இருந்தமை அதற்குத் தடையல்ல. அவருடைய இரண்டு ஏக்கர் அன்றே அவருக்குச் சொந்தமாகிவிட்டது. பட்டா யார் பெயரில் இருந்தது, ஏர் பூட்டியவர் யார் என்பவை அந்த உரிமையைப் பிறப்பிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. 2009-இல் அவர் காலமானபோது, அந்த இரண்டு ஏக்கர் ஓர் இந்திய கிறிஸ்தவரின் சொத்தாக, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மூன்றில் ஒரு பாகம் தங்கள் தாயாருக்கும், எஞ்சிய இரண்டு பாகம் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகவும் போய்ச் சேர்ந்தது. தாயாருக்கு ஏறக்குறைய அறுபத்தேழு சென்டும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நாற்பத்து நான்கு சென்டுக்குச் சற்று மேலும் வரும். இவ்விடத்தில் தாங்கள் பாட்டனாரின் வாரிசாக அல்ல, தந்தையின் வாரிசாகவே கேட்கிறீர்கள். ஆதலால், மதம் மாறியவரின் பிள்ளைகள் என்று சித்தப்பா சுட்டும் தடை இந்த இரண்டு ஏக்கரைத் தொடவே தொடாது.

தடை என்று ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்வது என் கடமை. 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு மதம் மாறியவருக்கு மட்டுமே உரியது, அவருடைய சந்ததிக்கு அல்ல என்று 1930-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அதே கருத்தை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தன் 26-ஆவது பிரிவில் வாங்கிக்கொண்டது. மதம் மாறியவருக்கு, அவர் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளும் அப்பிள்ளைகளின் வழித்தோன்றல்களும், வாரிசுரிமை திறக்கும் சமயத்தில் இந்துக்களாக இருந்தாலன்றி, இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்பது அப்பிரிவின் விதி. தங்கள் பாட்டியின் பங்கான இரண்டு ஏக்கரை இது நேராகத் தாக்குகிறது. பாட்டி அந்த நிலத்தைப் பூரண உரிமையோடு அடைந்து, 2012-இல் இந்துவாகவே காலமானார். அப்போது தங்கள் தந்தை உயிருடன் இல்லை. ஆகையால் அவர் வழியில் வரவேண்டிய ஓர் ஏக்கரை, முன்னரே இறந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் நீங்கள் மூவரும் நேராகப் பாட்டியிடமிருந்துதான் கேட்க வேண்டும். தாங்களும் தம்பியும் 1978-க்குப் பின் பிறந்தவர்கள், 2012-இல் கிறிஸ்தவர்கள், ஆகவே விலக்கப்பட்டீர்கள். அக்காளோ 1976-இல், தந்தை மதம் மாறுவதற்கு முன் பிறந்தவர். அவரைப் பிரிவு 26 விலக்கவில்லை. அவ்வாறு விலக்கப்பட்டவர்களைப் பாட்டிக்கு முன்பே இறந்தவர்களாகப் பாவிக்க வேண்டும் என்று அடுத்த பிரிவே சொல்வதால், அந்த ஓர் ஏக்கர் முழுவதும் அக்காள் ஒருவருக்கே சேரும் என்பது என் அபிப்பிராயம்.

யாரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று தாங்கள் எழுதினீர்களோ, அந்த அக்காளுக்கே உங்கள் எல்லோரிலும் பெரிய பங்கு சட்டப்படி வருகிறது. கல்யாணமான பெண்ணுக்குத் தகப்பன் வீட்டில் பாத்தியம் இல்லை என்ற பேச்சை, அதுவும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனையும் மகளையும் சமமாகவே வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றிலிருந்து கேட்பது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது. அவரிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் யோசனை இருந்தால் இன்றே கைவிடுங்கள். அவரை விட்டுவிட்டுப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், தேவையான ஒரு கட்சிக்காரர் சேர்க்கப்படவில்லை என்ற ஒரே ஆட்சேபத்தால் வழக்கே வீழ்ந்துபோகவும் கூடும்.

தாய் மதத்துக்குத் திரும்புவதைப் பற்றிக் கேட்டீர்கள். பலன் இல்லை. 2012-இல் தாங்கள் எந்த மதத்தினர் என்பதே கேள்வி. இன்று எடுக்கும் சடங்கு அந்த நாளை மாற்றாது. இதற்குமேல் ஒன்று சொல்ல எனக்கு உரிமை இருக்குமாயின், ஓர் ஏக்கரில் கிடைக்கும் சில சென்டுகளுக்காக ஒரு மதத்தில் சேர்வதும் விலகுவதும், எந்த மதத்துக்கும், அதில் உண்மையாக நம்பிக்கை கொண்ட எவருக்கும் மரியாதை செய்வதாகாது. அரசியலமைப்பின் 25-ஆவது உறுப்பு மனச்சாட்சியின் சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதி செய்கிறது. அப்படியிருக்க, தகப்பன் தன் மனச்சாட்சிப்படி எடுத்த முடிவுக்காக, அப்போது பிறந்தும் இராத பிள்ளைகள் பாட்டியின் சொத்தை இழக்க வேண்டும் என்னும் 26-ஆவது பிரிவு, அந்தச் சுதந்திரத்தின்மேல் விதிக்கப்பட்ட ஒரு மறைமுகமான அபராதம் என்றே நான் கருதுகிறேன். பாராளுமன்றம் அதை நீக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். ஆனால் அது நீக்கப்படும்வரை, கீழ்க்கோர்ட்டில் தங்கள் வழக்கு நடக்கப்போவது என் எண்ணத்தின்மேல் அல்ல, அந்தப் பிரிவின்மேல்தான்.

இனித் தாமதத்தைப் பற்றி. 1994-இல் திறந்த வாரிசுரிமைக்காக இன்று கடிதம் எழுதுகிறீர்கள். தந்தை உயிருடன் இருந்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு நோட்டீசுகூட அனுப்பப்படவில்லை. அவர் காலமான பிறகும் வாரிசுச் சான்றிதழ் வாங்கப்படவில்லை. கூட்டுப் பங்காளி ஒருவரின் சுவாதீனம் எல்லாப் பங்காளிகளின் சுவாதீனமாகவே கருதப்படும் என்ற விதி மட்டுமே இதுவரை உங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அந்த விதிக்கும் எல்லை உண்டு. மற்றவர்களின் பாத்தியத்தைப் பகிரங்கமாக மறுத்து, அவர்கள் அறியத் தாமே முழு உரிமையாளர் என்று ஒரு பங்காளி அனுபவித்து வந்தால், அந்த மறுப்பு நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளில் எதிரிடை அனுபவ பாத்தியம் அவருக்குப் பழுத்துவிடும். 2016-இல் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சித்தப்பா சொன்ன வார்த்தைகள், அவருடைய வக்கீலின் கையில் அத்தகைய மறுப்பாகவே உருவெடுக்கும். அப்படிக் கணக்கிட்டால் 2028-இல் உங்கள் வழியே அடைபட்டுப்போகும் அபாயம் இருக்கிறது. அந்தப் பேச்சு நடந்த நாளையும் மாதத்தையும்கூடத் தாங்கள் எழுதவில்லை. கிணற்று வாய்க்கால் தகராற்றை இரண்டு பக்கம் விவரித்த தாங்கள், வழக்கின் உயிர்நாடியான ஒரு தேதியை விட்டுவிட்டீர்கள்!

காகிதங்களின் நிலையும் இதுவே. 1961-ஆம் ஆண்டு மூலப்பத்திரத்தின் நகல் இல்லாமல், நிலம் பாட்டனாரின் சுயார்ஜிதம் என்று நான் எழுதியதெல்லாம் தங்கள் வார்த்தையை நம்பி எழுதியதே. அது பிதுரார்ஜிதம் என்று தெரியவந்தால், தந்தை 1978-இல் மதம் மாறியபோதே கூட்டுக் குடும்பத்தினின்று பிரிந்தவராகக் கொள்ளப்படுவார், மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். தந்தையின் ஞானஸ்நானத் தேதிக்குத் திருச்சபைப் பதிவேட்டின் சான்று நகல் இன்றியமையாதது. அது இருந்தாலும், ஞானஸ்நானத்துக்கு முன்பே, அதாவது அக்காள் பிறப்பதற்கு முன்பே, தந்தை மனத்தாலும் நடத்தையாலும் கிறிஸ்தவராகிவிட்டார் என்று எதிர்க்கட்சியினர் வாதிக்கலாம். ஒரு பெண் இந்து சமயத்துக்கு மாறியதைப் பற்றிய பெருமாள் நாடார் வழக்கில், சடங்கு அவசியமில்லை, உண்மையான எண்ணமும் அதற்கேற்ற நடத்தையுமே போதும் என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆகையால் 1976-இல் வீட்டில் நடந்த காதுகுத்து, கோயில் வழிபாடு, அக்காளின் பள்ளிச் சேர்க்கையில் எழுதப்பட்ட மதம் ஆகியவற்றுக்குரிய சாட்சியங்களை இப்போதே தேடிச் சேர்த்து வையுங்கள்.

சித்தப்பாவின் பட்டா உங்களை அச்சுறுத்த வேண்டியதில்லை. பட்டா வருவாய்த் துறைக்குத் தீர்வை யாரிடம் வசூலிப்பது என்பதைக் காட்டுமேயன்றி, உரிமைமூலம் ஆகாது. ஆனால் மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டால், பின்னர் வாங்கியவர்கள் ஒவ்வொருவரோடும் வழக்காட வேண்டிவரும். விற்பனைக்கு முன்பே பாகப்பிரிவினை வழக்கைத் தாக்கல் செய்து, அதனோடு இடைக்காலத் தடையுத்தரவுக்கும் மனுச் செய்வது அவசியம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவர் அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். கோர்ட் கட்டணம், நீங்கள் சுவாதீனத்திலிருந்து விலக்கப்பட்டீர்களா, இல்லையா என்று பிராதில் எழுதுவதைப் பொறுத்து வேறுபடும். அதே வாசகம் எதிரிடை அனுபவ வாதத்துக்கும் இடங்கொடுத்துவிடக் கூடுமாதலால், பிராதைத் தாங்களே எழுதவோ, பத்திரம் எழுதுபவரிடம் கொடுத்து எழுதிக்கொள்ளவோ துணியாதீர்கள்.

மேலே நான் சொன்னது தாங்கள் எழுதிய சங்கதிகளின்மேல் கூறிய பொதுவான கருத்தேயன்றி, வழக்கு நடத்துவதற்குரிய ஆலோசனை அல்ல. சித்தப்பா நாளை ஓர் உயிலை எடுத்துக் காட்டினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகையால் மூலப்பத்திரத்தின் சான்று நகல், 1961 முதல் இன்றுவரையிலான வில்லங்கச் சான்றிதழ், 'அ' பதிவேடு, மூன்று இறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்றிதழ்கள், பிள்ளைகள் மூவரின் பிறப்புச் சான்றிதழ்கள், ஞானஸ்நானப் பதிவு ஆகியவற்றோடு, தாயாரையும் அக்காளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு, உங்கள் ஊருக்கருகில் உரிமையியல் வழக்குகளில் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரை இந்த மாதத்திலேயே நேரில் சந்தியுங்கள். கட்டணம் செலுத்த வசதியில்லை என்று கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாயாரும் அக்காளும் வாதிகளாக இருந்து, தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.