சறுக்குப் பலகைத் திடல் – ஓர் இயற்பியல் நோக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)

நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய பலகை மீது நின்று, ஒரு காலால் தரையை உந்திச் செல்லும் விளையாட்டே 'ஸ்கேட்போர்டிங்'. 1970-களில் கலிபோர்னியாவில் வறட்சியால் வெறுமையாய்க் கிடந்த நீச்சல் குளங்களின் வளைந்த சுவர்களில் இளைஞர்கள் ஏறி இறங்கி இதற்குப் புது வடிவம் தந்தனர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. நம்மில் பலருக்கு இது புதிய விளையாட்டு. நாளை நம் ஊரில் இதற்கென ஒரு பொதுத் திடல் அமைந்தால், அது எவ்வாறு இருத்தல் வேண்டும்? ஆராய்வோம்.

தரை

சக்கரங்கள் மிகச் சிறியவை. ஒரு சிறு கல் தடுத்தாலும் பலகை நின்றுவிடும். அதன்மேல் நிற்பவரோ நியூட்டனின் முதல் விதிப்படி முன்னோக்கிச் சென்று விழுவார். ஆகவே வெடிப்பும் மேடுபள்ளமும் இல்லாத தரையே முதல் தேவை. இக்கைத்திறன் நம்மிடம் உண்டு. நம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளின் சிமெண்டுக் களங்களைப் பாருங்கள். என் தந்தை அத்தகைய களங்கள் போடும் கொத்தனார். மழைநீர் தேங்காதபடி வாட்டம் கொடுக்க வேண்டும். பூசியபின் தண்ணீர் கட்டி நனையவிட வேண்டும், இல்லையேல் நம் வெயிலுக்குத் தரை வெடித்துவிடும் என்பார். திடலுக்கும் இதுவே பாடம்.

வளைவு

சரிவின் உச்சியில் உள்ள நிலையாற்றல் கீழே வரும்போது இயக்க ஆற்றலாக மாறுகிறது. உராய்வைத் தவிர்த்துக் கணக்கிட்டால், 1 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குபவர் அடியில் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகம் பெறுவார். வளைவின் ஆரமும் 1 மீட்டரானால், அடியை எட்டும் கணத்தில் அவர் கால்கள் தாங்க வேண்டிய விசை உடல் எடையைப் போல் 3 மடங்கு. அதே உயரத்துக்கு ஆரத்தை 2 மீட்டராக்கினால் அது 2 மடங்காகக் குறைகிறது. எனவே, புதிதாய்ப் பழகுவோருக்கு உயரம் குறைந்து ஆரம் கூடிய சரிவும், தேர்ந்தவர்களுக்குச் செங்குத்தான சரிவும் தனித்தனியே வேண்டும். ஒருவர் பாதையில் மற்றவர் குறுக்கிடாதபடி இடைவெளியும் வேண்டும்.

பொதுமை

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு சிற்றூர். 2015-இல் உல்ரிக் ரைன்ஹார்ட் என்னும் ஜெர்மானியப் பெண்மணியின் முயற்சியால் அங்கே ஒரு திடல் எழுந்தது. பள்ளிக்குச் செல்லாதவருக்குப் பலகை இல்லை. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம் – இவை அங்கு வகுத்த விதிகள். அங்குப் பழகிய ஆஷா கோண்ட் என்ற பழங்குடிப் பெண் 2018-இல் சீனத்தின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு விளையாட்டை விட்டுவிடுகிறார்கள். என் தங்கையும் விட்டுவிட்டாள். விளையாட ஆசையில்லாமல் அன்று. நிற்க ஓர் இடம் இல்லாமல்தான். ஆகவே மாலையில் விளக்கு, குடிநீர், பெற்றோர் அமர நிழல், கட்டணமின்றி இரவல் பலகை ஆகியவற்றையும் நான் வடிவமைப்பின் பகுதியாகவே கருதுகிறேன்.

தேர்ந்த வீரர் எவ்வளவு உயரம் தாவுகிறார் என்பதைக் கொண்டு மட்டும் ஒரு பொதுத் திடலை மதிப்பிடலாகாது. முதல் நாள் விழுந்த பெண் மறுநாளும் வருகிறாளா என்பதே அதற்குரிய அளவுகோல். சரிவின் ஆரத்தைக் கணக்கிட நம் பாடம் போதும். களம் பூச நம் கொத்தனார்கள் இருக்கிறார்கள். இடம் ஒதுக்கும் மனம் ஊருக்கு வரவேண்டும்.