பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றப் போகிறீர்களா? முதலில் காலண்டரைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் இன்டர்நெட் இணைப்பு நல்லது என்பதுதான். ஆறு மாதம் கழித்து அவர்களே வந்து, இதை விட்டு வேறு நிறுவனத்திற்கு எப்படி மாறுவது என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கான பதில் தெருவுக்குத் தெரு மாறும். இரண்டாவது கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் ஒன்று உண்டு. புதிய இணைப்பு உங்கள் வீட்டில் ஓடிக் காட்டும் வரை பழைய இணைப்பை நிறுத்தாதீர்கள். இதை நான் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. பட்டுத் தெரிந்து கொண்டேன்.

மொட்டை மாடியில் கவுன்சலிங்

2023 ஆகஸ்ட் மாதம் என் பழைய இணைப்பின் ஆறு மாதத் திட்டம் முடிந்தது. மாலையானால் வேகம் குறைந்துவிடும் என்பதால் மாற்றிவிட முடிவு செய்திருந்தேன். புதிய நிறுவனத்தில் பணம் கட்டியபோது, "இரண்டு நாளில் போட்டுவிடுவோம் சார்" என்றார்கள். அதை நம்பி, பழைய நிறுவனத்திற்குப் போன் செய்து இணைப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர்களின் லைன்மேன் வந்து பெட்டியைக் கழற்றிக் கொண்டு போனார்.

புதிய நிறுவனத்தின் ஆள் மூன்றாம் நாள்தான் வந்தார். தெருமுனைக் கம்பத்தில் உள்ள பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல போர்ட் எதுவும் காலி இல்லை சார். வேற பெட்டி வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு பெட்டி வர மேலும் ஆறு நாள். ஆக மொத்தம் ஒன்பது நாள் வீட்டில் இன்டர்நெட் இல்லை.

அந்த ஒன்பது நாளுக்குள்தான் என் மகளின் பொறியியல் கவுன்சலிங் சுற்று வந்தது. தமிழ்நாட்டில் இந்தக் கவுன்சலிங் 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. கல்லூரிகளையும் பாடப் பிரிவுகளையும் விருப்ப வரிசைப்படி பதிவு செய்ய ஒரு சில நாள்கள்தான் தருவார்கள். எங்கள் வீட்டுக்குள் மொபைல் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் மகள் மொட்டை மாடியில் உட்கார்ந்து, என் போனின் ஹாட்ஸ்பாட் வழியாகப் பட்டியலைப் போட்டாள். நூறு கல்லூரியைத் தாண்டும்போது தளம் வெளியே தள்ளிவிடும். மறுபடியும் லாகின், மறுபடியும் ஓ.டி.பி. கடைசி நாள் இரவு பத்து மணிக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான் முடித்தோம். "அப்பா, இனிமே எதையாவது மாத்துறதுன்னா எங்கிட்ட தேதி கேட்டுட்டு மாத்துங்க" என்றாள். நியாயமான பேச்சு.

உங்கள் திட்டம் எந்த வகை?

மாற்றும் நாளைக் குறிக்கும் முன் உங்கள் திட்டம் எந்த வகை என்று பாருங்கள். வீட்டு இணைப்புகள் பொதுவாக இரண்டு வகை.

1. முன்பணத் திட்டம்: 3, 6 அல்லது 12 மாதங்களுக்கு முன்கூட்டியே பணம் கட்டுவது. கடைசி நாள் ரசீதில் இருக்கும். இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது. எனவே கடைசி நாளை ஒட்டி மாறுவதே லாபம்.

2. மாத பில் திட்டம்: பயன்படுத்திய பின் பணம் கட்டுவது. இதில் பில் தேதிதான் முக்கியம். பில் சுழற்சி தொடங்கிய மறுநாள் நிறுத்தச் சொன்னால், சில நிறுவனங்கள் அந்த மாதம் முழுவதற்கும் வாடகை கேட்கும். எனவே சுழற்சி முடிவதற்குச் சில நாள்கள் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இவற்றுடன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "இணைப்புக் கட்டணம் இலவசம், ரௌட்டர் இலவசம்" என்று சொல்லித் தந்திருந்தால், குறைந்தது இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதன் பின்னால் இருக்கலாம். விண்ணப்பப் படிவத்தையோ முதலில் வந்த இமெயிலையோ எடுத்துப் படித்துப் பாருங்கள்.

முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

உங்கள் திட்டம் ஜூன் 30-ல் முடிகிறது என்று வைத்துக் கொள்வோம். இப்படித் திட்டமிடலாம்.

மே 31 (30 நாள் முன்): அக்கம்பக்கத்து வீடுகளில் எந்த இணைப்பு இருக்கிறது, மழை பெய்தால் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். ஒரே நிறுவனம் ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் மோசமாகவும் இருக்கும். கேபிளைக் கொண்டு வருபவர் அந்தப் பகுதி கேபிள்காரர் என்றால், பழுது பார்ப்பதும் அவர் கையில்தான்.

ஜூன் 10 (20 நாள் முன்): புதிய நிறுவனத்தின் ஆளை நேரில் வரச் சொல்லுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எங்கள் கம்பத்துப் பெட்டியில் காலி போர்ட் இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்." அதைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

ஜூன் 20 (10 நாள் முன்): புதிய இணைப்பைப் போடச் சொல்லுங்கள். பழையது அப்படியே ஓடட்டும்.

ஜூன் 27 (3 நாள் முன்): புதியது திருப்தி என்றால் பழையதை நிறுத்த எழுதிக் கொடுங்கள். மாத பில் திட்டம் என்றால் இதை இன்னும் சில நாள் முன்பே செய்யுங்கள்.

இந்த அட்டவணையை வீட்டு நிகழ்ச்சிகளோடும் ஒத்துப் பாருங்கள். ஆன்லைன் தேர்வு, கவுன்சலிங், வருமான வரிக் கணக்குத் தாக்கல், வீட்டிலிருந்தே அலுவலக வேலை ஆகியவை அந்த வாரத்தில் வந்தால், ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். ஒரு மாதத்திற்கு மட்டும் பழைய திட்டத்தைப் புதுப்பித்துக் கொள்வதில் தவறில்லை.

இரண்டு இணைப்புக்குப் பணமா?

பத்து நாள் இரண்டு இணைப்பு வைத்திருப்பது வீண் செலவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 699 ரூபாய்த் திட்டம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 824 ரூபாய் 82 பைசா. பத்து நாளுக்குச் சுமார் 275 ரூபாய். அந்த ஒன்பது நாளில் மொபைல் டேட்டா, பிரவுசிங் சென்டர் என்று நான் செலவழித்தது இதைவிட அதிகம். மனவேதனை தனி.

அந்தப் பத்து நாளில் என்ன சோதிப்பது?

வேகத்தைக் காலையில் பார்த்தால் எல்லா இணைப்பும் நன்றாகத்தான் இருக்கும். இரவு 8 முதல் 10 மணி வரை, எல்லா வீட்டிலும் பயன்படுத்தும் நேரத்தில் சோதியுங்கள். வை-பி வழியாக இல்லாமல், ரௌட்டரிலிருந்து லேன் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகிச் சோதித்தால்தான் உண்மை தெரியும். பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றின் லேன் போர்ட் 100 எம்.பி.பி.எஸ். வரைதான் தரும். அதற்கு மேற்பட்ட திட்டம் எடுத்துவிட்டு நிறுவனத்தைக் குறை சொல்லக் கூடாது.

இன்னொரு குழப்பம். 100 எம்.பி.பி.எஸ். என்றால் விநாடிக்கு 100 மெகாபைட் இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான். 700 மெகாபைட் பைல் ஒன்று இறங்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆனால் உங்கள் இணைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள்.

"அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குக் கீழே ஜி.பி. அளவு ஏதேனும் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த அளவைத் தாண்டினால் மாத முடிவு வரை வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

ஒரு சின்ன உபாயம்

வீட்டில் உள்ள போன், டிவி, பிரிண்டர், கேமரா எல்லாவற்றிலும் பழைய வை-பி பெயரும் பாஸ்வேர்டும் பதிந்திருக்கும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதில்லை. மாறும் நாளில் பழைய ரௌட்டரை அணைத்துவிட்டு, புதிய ரௌட்டரில் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் கொடுத்திடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து கூட மாறக் கூடாது. பெரும்பாலான சாதனங்கள் தானாகவே இணைந்துவிடும். புதிய இணைப்பைப் போட வருபவரிடம் ரௌட்டர் செட்டிங்ஸ் பக்கத்தின் யூசர் நேம், பாஸ்வேர்ட் இரண்டையும் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

லேண்ட்லைன் எண் என்ன ஆகும்?

மொபைல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. வீட்டு லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. பிராட்பேண்டுடன் சேர்ந்த தொலைபேசி எண், இணைப்பை நிறுத்தினால் போய்விடும். என் அம்மா இருபது ஆண்டுகளாக மனப்பாடமாக வைத்திருந்த எண் அப்படித்தான் போனது. ஊரில் உள்ள சித்தி ஒரு வாரம் அந்த எண்ணுக்கே போன் செய்துவிட்டு, அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து போனார். எனவே வங்கி, கேஸ் ஏஜென்சி, உறவினர்கள் எல்லாரிடமும் வேறு எண்ணைக் கொடுத்த பிறகே நிறுத்துங்கள். எண் முக்கியம் என்றால், இன்டர்நெட்டை மட்டும் நிறுத்திவிட்டு போனை வைத்துக் கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

நிறுத்தும்போது செய்ய வேண்டியவை

1. போனில் சொல்வதோடு விடாமல் இமெயில் அல்லது கடிதம் மூலம் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணைப் போலவே இதற்கும் ஒரு கோரிக்கை எண்ணை வாங்கிக் கொள்ளுங்கள்.

2. பெட்டி, அடாப்டர் இரண்டையும் கொடுக்கும்போது, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். நான் வாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து, பெட்டி வரவில்லை, 2,000 ரூபாய் கட்டுங்கள் என்று செய்தி வந்தது. லைன்மேனைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்ல வைக்க மூன்று வாரம் ஆனது.

3. யு.பி.ஐ. ஆட்டோபே கொடுத்திருந்தால் அதை ரத்து செய்திடுங்கள். இல்லையெனில் ஜூலை முதல் தேதி பணம் தானாகப் போய்விடும்.

4. வைப்புத் தொகை கட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கேளுங்கள். இதற்கு டிராய் விதிகளில் காலக்கெடு உண்டு.

பணம் வராவிட்டால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து எண் வாங்குங்கள். தீராவிட்டால் 30 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தனி நபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் ஆலோசனை பெறலாம்.

சென்ற முறை இணைப்பு மாற்றியபோது எங்கள் வீட்டுக் காலண்டரில் நான்கு தேதிகளை என் மகள்தான் சிவப்பு மையில் வட்டமிட்டாள். பழைய பெட்டியைக் கொடுத்த அன்று மாலை, இணைப்பு மாறியதே அம்மாவுக்குத் தெரியவில்லை. டிவியில் தொடர் ஓடிக் கொண்டிருந்தது. மாற்றம் சரியாக நடந்ததற்கு அதுதான் அடையாளம். உங்கள் ரசீதை இப்போதே எடுத்துக் கடைசி நாளைப் பாருங்கள். அதற்கு 30 நாள் முன்னால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.