காவிரியும் காற்றும்

கோலார் தங்கவயல் தமிழர் பலருடைய முன்னோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். அச்சுரங்கங்களுக்கு 1902ஆம் ஆண்டில் மின்சாரம் வந்தது. காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் உண்டாக்கிய மின்சாரத்தை, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே கொண்டுவந்தனர். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905ஆம் ஆண்டில்தான். ஆற்றல் ஓரிடத்தில் இருந்தது. தேவை வேறிடத்தில் இருந்தது. இரண்டையும் கம்பி இணைத்தது.

விழும் நீரைப் போலவே வீசும் காற்றும் ஆற்றல் உடையது. பழந்தமிழர் காற்றின் துணைகொண்டு கடலில் கலம் செலுத்தியதைப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடியுள்ளார். இன்று அதே காற்று மின்சாரம் தருகிறது. தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்தது.

காற்று எங்கும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்கிறது. ஆரல்வாய்மொழியிலோ மலைகளுக்கு இடையே கணவாய் உண்டு. பரந்து வரும் காற்று அக்குறுகிய வாயிலில் நெருங்கி விரைகிறது. அதனால்தான் அருகிலுள்ள முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். எனவே, காற்றாலை நிறுவுமுன் உயர்ந்த கம்பத்தில் கருவி பொருத்திக் காற்றை நெடுநாள் அளப்பர். பின்னர் நிலம் பெறுவர். நீண்ட இறக்கைகளை ஏற்றிவரப் பாதை அமைப்பர். துணைமின் நிலையம் வரை கம்பி இழுப்பர். காற்று இறக்கையைச் சுழற்ற, அச்சுழற்சியை மின்னாக்கி மின்சாரமாக மாற்றுகிறது. பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் உற்பத்தி குறையும். அப்போது வேறு மின்நிலையங்கள் கைகொடுக்க வேண்டும்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. தங்கம் தோண்டத் தோண்டக் குறைந்தது. காற்றோ எடுக்க எடுக்கக் குறையாது. ஆயினும், சுரங்கம் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. காற்றாலையை நிறுவும்போது பலருக்கு வேலை உண்டு. நிறுவியபின் சிலரே போதும். ஆகவே, ஒரு திட்டம் வரும்போது, ‘எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?’ என்று கேட்டால் மட்டும் போதாது. ‘அவ்வூர் மக்களுக்கு என்ன கிடைக்கும்?’ என்றும் கேட்க வேண்டும். வேலை நின்றுபோன ஊரின் பிள்ளைகள் அக்கேள்வியின் பொருளை நன்கு அறிவர்.

சொற்பொருள்

கலம் – கப்பல்
கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி
தென்றல் – தெற்கிலிருந்து வீசும் காற்று
வாடை – வடக்கிலிருந்து வீசும் காற்று
கொண்டல் – கிழக்கிலிருந்து வீசும் காற்று
கோடை – மேற்கிலிருந்து வீசும் காற்று

பயிற்சி

1. முப்பந்தலில் காற்றாலைகள் மிகுதியாக அமைந்ததற்குக் காரணம் யாது?
2. காற்றாலை நிறுவுமுன் காற்றை நெடுநாள் அளப்பது ஏன்?
3. கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்றுக்குரிய தமிழ்ப் பெயரை எழுதுக.
4. சுரங்கம் மூடப்பட்டபோது நேர்ந்த மாற்றங்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.