வெள்ளம் வடிந்த பின்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சென்னையில் எண்ணற்ற மகிழுந்துகள் நீரில் மூழ்கின. இவ்வாறு மூழ்கிப் பெரிதும் பழுதான வண்டிகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு வழங்கி, அவற்றை ஏலத்தில் விற்பது வழக்கம். ஏலம் எடுப்போருள் சிலர் உதிரிப்பாகங்களைப் பிரித்து விற்பர். சிலர் கழுவி மெருகேற்றி, நல்ல வண்டியெனச் சந்தைக்குக் கொணர்வர்.

கழுவினால் சேறு நீங்கும். மின்கம்பி இணைப்புகளில் புகுந்த ஈரம் எளிதில் நீங்காது. அஃது உலோகத்தை மெல்ல அரிக்கும். பல திங்கள் கழித்து, விபத்து நேரும் கணத்தில் காற்றுப்பை விரியாது போகலாம்.

ஆகவே, பழைய வண்டி வாங்குவோர் இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துச் சேற்றுக்கறை உள்ளதா எனக் காண வேண்டும். தரைவிரிப்பின் அடியையும் மாற்றுச் சக்கரக் குழியையும் நோக்க வேண்டும். காப்பீட்டு வரலாற்றைக் கேட்டறிய வேண்டும். குறையை மறைத்து விற்பவர், வாங்குவோரின் உயிரையே பணயம் வைக்கிறார்.