சீட்டில் எழுதிய எண்

கணினித் திரையில் ஒரு பெயரைத் தொடுகிறோம். கண் இமைக்கும் நேரத்தில் அந்தப் பெயருக்கு உரியவரின் விவரம் வந்து நிற்கிறது. அத்தனை பேரில் நாம் கேட்டது இவரைத்தான் என்று கணினிக்கு எப்படித் தெரிந்தது? இவ்வாண்டு எங்கள் கணினி மன்றத்தில் பத்தாம் வகுப்பு மாணவியர் ஆறு பேர் சேர்ந்து, மாதத் தேர்வு மதிப்பெண்களைக் காட்டும் சிறு இணையதளம் ஒன்றைச் செய்து பார்த்தோம். அப்போது கற்றதையும் பட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

இத்தகைய தளங்களை மூன்று பகுதிகளாகப் பிரித்து எழுதும் முறைக்கு எம்.வி.சி. என்று பெயர். நார்வே நாட்டு அறிஞர் ட்ரிக்வே ரீன்ஸ்காவுக் 1979-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது வகுத்த முறை இது. நாங்கள் பயன்படுத்தியது மைக்ரோசாப்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட் எம்.வி.சி.; அதன் முதல் பதிப்பு 2009-இல் வெளிவந்தது.

நம் பள்ளி நூலகத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். புத்தக அலமாரிதான் மாடல். சுவரில் தொங்கும் நூற்பட்டியல் வியூ. மேசையருகே அமர்ந்திருக்கும் நூலகர் கன்ட்ரோலர். அலமாரியை நாமே திறக்க முடியாது. பட்டியலைப் பார்த்து, நூலின் எண்ணைச் சீட்டில் எழுதி நூலகரிடம் நீட்ட வேண்டும். அந்தச் சீட்டுத்தான் லிங்க். அதில் எழுதிய எண்தான் ரூட் பாராமீட்டர். நூலகருக்கு நூல் கொடுப்பது, திரும்பப் பெறுவது என்று பல வேலைகள் உண்டல்லவா? கன்ட்ரோலரின் ஒவ்வொரு வேலையும் ஓர் ஆக்ஷன்.

முகவரியில் முதலில் கன்ட்ரோலரின் பெயர், அடுத்து ஆக்ஷனின் பெயர், கடைசியில் ‘ஐடி’ என்னும் எண், இடையிடையே சாய்கோடு. ‘ஸ்டூடன்ட்ஸ்/டீடெய்ல்ஸ்/12’ என்றால், ஸ்டூடன்ட்ஸ் கன்ட்ரோலரின் டீடெய்ல்ஸ் ஆக்ஷனுக்கு 12 போய்ச் சேரும். சேர வேண்டுமானால் பெயர் பொருந்த வேண்டும். ஆக்ஷன் ‘ஐடி’ என்ற பெயரில் எண்ணை எதிர்பார்த்தது. நாங்களோ லிங்கில் ‘ரோல்நம்பர்’ என்று எழுதியிருந்தோம். 12 முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனது. ஐடியின் இடம் காலி. திரை முழுவதும் பிழைச் செய்தி!

அதைத் திருத்தியபின் வந்தது இன்னும் வேடிக்கை. லிங்கை உண்டாக்கும் ‘ஆக்ஷன்லிங்க்’ என்னும் கட்டளைக்கு, திரையில் தெரிய வேண்டிய பெயர், ஆக்ஷன், கன்ட்ரோலர், எண் ஆகிய நான்கையும் வரிசையாகக் கொடுத்தோம். முகவரியில் 12-ஐக் காணோம். ‘லெங்த்=8’ என்று இருந்தது! எட்டு எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் மதிய இடைவேளை முழுவதும் தேடினோம். நான்கு பொருள்களை இப்படிக் கொடுத்தால் மூன்றாம் இடம் கன்ட்ரோலருக்கு உரியதன்று, பாராமீட்டர்களுக்கு உரியது. ஆகவே ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்ற சொல்லையே பாராமீட்டர் பெட்டியாக எண்ணி, உள்ளே என்ன இருக்கிறது என்று அது திறந்து பார்த்திருக்கிறது. கிடைத்தது சொல்லின் நீளம் மட்டுமே. ஆங்கிலத்தில் அதற்கு எட்டு எழுத்து! பாவம், எங்கள் 12 லிங்கின் நிறம், வடிவம் முதலியவற்றைக் குறிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. ஐந்தாவதாக ‘நல்’, அதாவது ‘ஒன்றுமில்லை’, என்று சேர்த்ததும் எல்லாம் சரியாயிற்று. ‘ஒன்றுமில்லை’ என்று எழுதாமல் விட்டதற்கு இரண்டு இடைவேளைகள்!

இனிக் கவலையில்லை என்று மகிழ்ந்து, ஆறாம் வகுப்புத் தங்கையர் இருவரை அழைத்தோம். ஒருத்தி தன் கடவுச்சொல்லைக் கொடுத்துத் தன் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு விளையாட்டாக, முகவரியில் 12-ஐ அழித்து 13 என்று தட்டினாள். பக்கத்தில் நின்ற தோழியின் கணக்கு மதிப்பெண் திரையில் விரிந்தது. குறைவான மதிப்பெண். அவள் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டாள்.

இம்முறை பிழைச் செய்தி எதுவும் இல்லை. நிரல் நாங்கள் எழுதியபடியே நடந்தது. “சீட்டைப் பார்த்தீர்கள். கொண்டு வந்தவள் யார் என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார் எங்கள் கணினி ஆசிரியையான சிஸ்டர். தலைகுனிந்து நின்றோம். இணையதளங்களின் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பட்டியலில், உரிமையில்லாதவருக்கு வழி திறந்துவிடும் இவ்வகைக் குறைக்கே முதலிடம் என்றும் அவர் சொன்னார். உண்மையான மதிப்பெண்களை வைத்துச் சோதனை செய்தது எங்களுடைய மற்றொரு தவறு.

வியூவில் அந்த லிங்கை மறைத்துவிட்டால் போதாதா என்று எங்களுள் சிலர் கேட்டோம். போதாது. முகவரியை யாரும் கையால் தட்டலாமே! காவல் கன்ட்ரோலரிடம்தான் இருக்க வேண்டும். கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தவள் யார் என்பது அதற்கு முன்பே தெரியும். ஆகவே, கேட்கும் எண் அவளுடையதுதானா என்று ஆக்ஷனின் தொடக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கும்படி மூன்று வரிகள் சேர்த்தோம். இல்லையென்றால் ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்ற பதில் போகும்.

அந்தத் தங்கையிடம் ஆறு பேரும் போய் மன்னிப்புக் கேட்டோம். கற்பனை மதிப்பெண்களை ஏற்றிய பிறகு, அவளையே முதலில் உட்கார வைத்தோம். அவள் 12, 14, 40 என்று மாற்றி மாற்றித் தட்டினாள். எதற்கும் பக்கம் வரவில்லை. கடைசியாக 13 என்று தட்டித் தன் பக்கத்தைத் திறந்தாள். கணக்கில் நாங்கள் போட்டிருந்த நூற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.