ஓடாத காரின் பேட்டரியைக் காப்பது எப்படி?

2020ஆம் ஆண்டில் ஊரடங்கின்போது எத்தனையோ கார்கள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு சாவியைத் திருப்பிய பலருக்கு 'டக், டக்' என்ற ஓசை மட்டுமே கேட்டது. எஞ்சினில் பழுதில்லை, பெட்ரோலும் இருந்தது. பேட்டரி மட்டும் வலுவிழந்திருந்தது. பயன்படுத்தினால்தானே பேட்டரி தீரும்? சும்மா நின்ற காரில் அது எப்படித் தீர்ந்தது? அதைத் தடுக்க வழி உண்டா? பார்ப்போம்.

பேட்டரியின் உள்ளே

மீண்டும் மின்னேற்றம் செய்யக்கூடிய காரீய–அமில மின்கலத்தை 1859இல் உருவாக்கியவர் காஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர். பெட்ரோல், டீசல் கார்களில் இன்றும் பெரும்பாலும் அந்த வகைதான் எஞ்சினைக் கிளப்புகிறது. அதில் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆகவே முழு மின்னேற்றம் பெற்ற '12 வோல்ட்' பேட்டரியின் உண்மையான மின்னழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட் ஆகும்.

எதிர்முனைத் தகட்டில் காரீயமும், நேர்முனைத் தகட்டில் காரீய டைஆக்சைடும் உள்ளன. இவற்றைச் சூழ்ந்திருப்பது நீர்த்த கந்தக அமிலம். பேட்டரி மின்னோட்டம் தரும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் குறைந்து நீர் உண்டாகிறது. மின்னேற்றம் செய்யும்போது இவ்வினை அப்படியே தலைகீழாக நிகழ்கிறது.

இரண்டு கசிவுகள்

நிற்கும் காரில் இரண்டு வழிகளில் மின்னாற்றல் குறைகிறது. முதலாவது, தன்மின்னிறக்கம். எதையும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரிக்குள் வேதிவினை மெல்ல நடந்துகொண்டே இருக்கும். வெப்பம் கூடக் கூட அதன் வேகமும் கூடும். எனவே நம் ஊர்க் கோடைக்காலத்தில் இந்த இழப்பு அதிகம்.

இரண்டாவது, காரே எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம். சாவியை எடுத்த பின்பும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை மணி, கணிப்பொறிப் பகுதிகள் ஆகியவை உறங்குவதில்லை. இவை 30 மில்லி ஆம்பியர் மட்டுமே எடுப்பதாகக் கொள்வோம். கணக்கிட்டுப் பாருங்கள்:

ஒரு நாளில்: 0.03 × 24 = 0.72 ஆம்பியர்–மணி
30 நாள்களில்: 0.72 × 30 = 21.6 ஆம்பியர்–மணி

45 ஆம்பியர்–மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் ஏறக்குறைய பாதி, ஒரே மாதத்தில் போய்விட்டது!

இதைவிடப் பெரிய தீங்கும் உண்டு. புதிதாகப் படியும் காரீய சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கும். மின்னேற்றத்தில் எளிதில் கரைந்துவிடும். மின்னிறக்கமான நிலையில் பேட்டரியை வாரக்கணக்கில் விட்டால் அப்படிகங்கள் வளர்ந்து இறுகிவிடும். பிறகு மின்னேற்றம் செய்தாலும் அவை முழுமையாகக் கரைவதில்லை. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது. குளிர் நாடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அமிலம் குறைந்து நீர் மிகுந்த பேட்டரி, கடுங்குளிரில் உறைந்து வெடிப்புக் காணும்.

சிறு மின்னோட்டத்தின் வேலை

மாடித் தொட்டியில் மிதவைப் பந்து வால்வு பார்த்திருப்பீர்கள். நீர் சற்றுக் குறைந்தால் வால்வு திறக்கும், நிரம்பியதும் மூடிக்கொள்ளும். பேட்டரி பராமரிப்புக் கருவியும் அப்படித்தான். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் இக்கருவி, முதலில் ஓரிரு ஆம்பியர் கொடுத்துப் பேட்டரியை நிரப்பும். நிரம்பியதும் மின்னழுத்தத்தைச் சுமார் 13.5 வோல்ட்டுக்குக் குறைத்து, கசிவை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டும் மின்னோட்டம் தரும்.

தானாக நிறுத்திக்கொள்ளாத பழைய வகை மின்னேற்றியை நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. பேட்டரி நிரம்பிய பிறகும் மின்னோட்டம் பாய்ந்தால், அது நீரைப் பகுத்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வெளியேற்றும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பற்றும். ஒரு சிறு பொறி போதும், பேட்டரி வெடித்து அமிலம் தெறிக்க!

கருவியை ஒவ்வொரு முறையும் பேட்டரி முனையில் கவ்விகளால் மாட்டினால், பொறி பேட்டரியின் அருகிலேயே உண்டாகலாம். ஆகவே பிளக்குடன் கூடிய சிறு வயரைக் காரிலேயே நிலையாகப் பொருத்திவிடுவது நல்லது.

இணைப்பை அமைக்கும் முறை

இதைத் தனியே செய்ய வேண்டாம். வேலை தெரிந்த பெரியவருடன் சேர்ந்து செய்யுங்கள். காரின் கையேட்டையும் முதலில் படியுங்கள். மோதிரம், உலோக வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

1. எதிர்முனைக் கவ்வியை முதலில் கழற்றுக. இன்றைய கார்களில் எதிர்முனை காரின் உலோக உடலோடு இணைந்துள்ளது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடலில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். எதிர்முனை விலகியிருந்தால் சுற்று முழுமை பெறாது.

2. சிவப்பு வயரின் வளைய முனையை நேர்முனைக் கவ்வியின் போல்ட்டில் வைத்து நட்டை இறுக்குக.

3. ஃபியூஸ் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். வயரின் மேலுறை எங்கேனும் உராய்ந்து காரின் உடலைத் தொட்டால், மின்னோட்டம் பேட்டரியிலிருந்துதான் பாயும். ஃபியூஸ் வயரின் மறுகோடியில் இருந்தால் அது உருகாது, வயர்தான் எரியும். காவலாளி வாசலில் நிற்க வேண்டும், தெருக்கோடியில் அல்ல!

4. வயர் விசிறி, பெல்ட், புகைபோக்கிக் குழாய் ஆகியவற்றைத் தொடாதவாறு கட்டுக. பிளக்கை எளிதில் எட்டும் இடத்தில் மூடியுடன் வைக்கவும்.

5. கறுப்பு வயரின் வளைய முனையைச் சேர்த்து, எதிர்முனைக் கவ்வியைக் கடைசியாக மாட்டுக. சில கார்களில் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணர்கருவி இருக்கும். அவற்றில் கறுப்பு வயரைக் கையேடு காட்டும் உடல் போல்ட்டில் இணைக்க வேண்டும்.

பயன்படுத்தும்போது பிளக்கை முதலில் சேர்த்து, பிறகே வீட்டு மின்சாரச் சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது சுவிட்சை முதலில் நிறுத்துங்கள். காற்றோட்டமான இடத்திலேயே காரை வையுங்கள்.

இம்முறையில் மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவுமில்லை. 'மின்னோட்டம் எந்தச் சுற்றில் பாயும்?' என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டால், எது முதல், எது கடைசி என்பது தானே விளங்கும்.

சிந்தித்து விடை காண்க

1. நிற்கும் கார் ஒன்று 50 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. அதன் 60 ஆம்பியர்–மணி பேட்டரி பாதியாகக் குறைய எத்தனை நாள் ஆகும்? தன்மின்னிறக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

2. காரில் பொருத்தும் இருமுனைப் பிளக்கில் ஒரு முனை ரப்பருக்குள் மறைந்தும், மற்றது வெளியே தெரியும்படியும் இருக்கும். மறைந்திருக்க வேண்டியது எந்த முனை? ஏன்?

விடைகள்: 1. 25 நாள்கள். 2. நேர்முனை. எதிர்முனை காரின் உடலைத் தொட்டாலும் தீங்கில்லை, ஏனெனில் இரண்டும் ஏற்கனவே இணைந்தவை. நேர்முனை தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும்.