பாம்பில் பாதி, பெட்டியில் மீதி

பால் பைத்தான் என்ற வளர்ப்புப் பாம்பு பகலெல்லாம் மறைவிடத்தில் சுருண்டு கிடக்கும். இரவில் கொஞ்சம் உலாவும். அது மறைவிடத்தை விட்டுவிட்டு நாள்கணக்கில் தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறிக் கிடந்தால் வெப்பம் அதிகமாகியிருக்கலாம், தோலுரிக்கும் பருவமாகவும் இருக்கலாம். எதற்கும் முதலில் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதாவது படிந்திருந்தால், பாம்பின் மேல் சிற்றுண்ணி ஏறிவிட்டது என்று பொருள். வளர்ப்பவர்கள் இதை மைட் என்றே சொல்கிறார்கள்.

இதன் அறிவியல் பெயர் ஓஃபியோநிசஸ் நாட்ரிசிஸ். 1844இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பால் ஜெர்வே இதை விவரித்தார். கோழிகளைப் படுத்தும் செள்ளுகளில் சில இதற்குப் பங்காளிகள். உயிரியல் பூங்கா, ஆய்வுக்கூடம், கடை, வீடு என்று பாம்பு அடைபட்டிருக்கும் இடத்திலெல்லாம் இதுவும் பிழைத்துக்கொள்கிறது. இதை ஒழிக்க ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் பல, கொஞ்சம் வேலை செய்யவும் செய்யும். சிக்கலே அங்கேதான். பத்து மைட் செத்ததைப் பார்த்து நிம்மதியாகி வைத்தியத்தை நிறுத்துகிறோம். மூன்றாவது வாரம் நூறு வந்து நிற்கின்றன.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சாரை, நல்ல பாம்பு, மண்ணுளி போன்றவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போல, பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் அவற்றை ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. கீழே வருவது முறையாகப் பதிந்து வளர்ப்பவர்களுக்காக.

நம்பிக்கை: பெட்டிக்குள் ஓடும் பொடிப்பூச்சி எல்லாம் மைட்தான்.

உண்மை: தேங்காய்நார்த் தூளும் மரப்பட்டையும் ஈரமாக இருந்தால் வெளிறிய நிறத்தில் வேறு சிற்றுயிர்களும் வரும். பூஞ்சையையும் மக்கலையும் தின்று வாழும் அவை பாம்பைத் தொடுவதில்லை. ஈரத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் போய்விடும். தட்டினால் தெறித்துத் தாவும் ஸ்பிரிங்டெயிலும் அப்படித்தான்.

ரத்தம் குடிக்கும் மைட், குடித்த பிறகு கருஞ்சிவப்பாக இருக்கும். பெண் மைட் உப்பிய நிலையிலும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஈரப்படுத்திய வெள்ளை டிஷ்யூவால் பாம்பை மெல்லப் பிடித்து, தலையிலிருந்து வால்வரை அதற்குள்ளே ஊர்ந்து போக விடுங்கள். பிறகு டிஷ்யூவை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். நகரும் புள்ளி இருந்தால் அதை நசுக்குங்கள். சிவப்பாகக் கறை பட்டால் சந்தேகம் தீர்ந்தது.

பாம்பின் மேல் தேட வேண்டிய இடங்கள் மூன்று. கண்ணைச் சுற்றிய செதில் வளையத்தின் இடுக்கு முதலாவது. அங்கே மைட் அடைந்திருந்தால் அந்த வளையம் உப்பி நிற்கும். இரண்டாவது, கீழ்த்தாடையின் அடியில் நடுவே ஓடும் மடிப்பு. மூன்றாவது, கழிவுத்துளையின் ஓரம். பைத்தானாக இருந்தால் உதட்டோரமுள்ள வெப்ப உணர்குழிகளையும் விட்டுவிடக் கூடாது. கரிய செதில்கள் மேல் விபூதி தூவினாற்போல வெள்ளைத் துகள் தெரிந்தால், அது மைட்டின் எச்சம்.

நம்பிக்கை: சுத்தமாக வைத்திருப்பவர் வீட்டுக்கு இது வராது.

உண்மை: மைட் அழுக்கிலிருந்து பிறப்பதில்லை, இன்னொரு பாம்பிலிருந்துதான் வருகிறது. புதிதாக வாங்கிய பாம்பு, பிறர் பயன்படுத்திய பின் வாங்கிய பெட்டி, நண்பர் கொடுத்த மரக்கட்டை, கடையில் நாலு பாம்பைத் தொட்டுவிட்டு வந்த கையும் சட்டையும் என்று வழிகள் பல. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்படும் பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. அப்படி வரும் பாம்புக்கு மருத்துவச் சோதனையும் கிடையாது, தனிமைக் காவலும் கிடையாது. அதன் மேல் என்னென்ன ஏறி வருகிறது என்று எவரும் பார்ப்பதில்லை.

சுத்தம் பயனற்றது என்று சொல்லவில்லை. பெட்டியில் இடுக்கும் குப்பையும் குறைந்தால் மைட் முட்டையிட இடம் குறையும். ஆனால் மைட் வந்ததற்காகக் கூனிக் குறுகுபவர், பிற வளர்ப்பாளர்களிடம் அதைச் சொல்லாமல் மறைக்கிறார். அடுத்த வீட்டுக்கு அது பரவுவது அந்த மறைப்பினால்தான்.

நம்பிக்கை: காட்டுப் பாம்புக்கும் உண்ணி உண்டே, வெறும் அரிப்புதான், தானே சரியாகும்.

உண்மை: நம் வயற்காட்டுச் சாரையின் செதிலிடுக்கில் உண்ணி ஒட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். காட்டில் பாம்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். உதிர்ந்த உண்ணியின் குஞ்சுக்கு அதே பாம்பு மறுபடி கிடைப்பது அரிது. மூன்றடிப் பெட்டியிலோ, மைட் பொரித்து வெளியே வந்தால் எதிரிலேயே பாம்பு. அதனால் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போகிறது.

முற்றிய நிலையில் ரத்தசோகை வரும். குட்டிகள் அதிலேயே செத்துப்போவதும் உண்டு. பாம்பு இரை எடுக்காது, தோல் துண்டு துண்டாக உரியும். இதைவிட முக்கியம், மைட் நோயையும் கொண்டுசெல்லும் என்பது. ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை இது ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதை அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் கேமின் 1948இலேயே காட்டினார். போவா, பைத்தான் இனங்களைக் கொல்லும் இன்க்ளூஷன் பாடி நோய்க்குக் காரணமான வைரஸ் வகை 2012இல் அடையாளம் காணப்பட்டது. அது பரவுவதிலும் மைட்டுக்குப் பங்கு உண்டு என்ற வலுவான சந்தேகம் இருக்கிறது, அறுதியாக நிறுவப்படவில்லை. ஒன்றுக்கு மேல் பாம்பு வைத்திருப்பவர் அந்தச் சந்தேகத்தையே போதுமான காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: தண்ணீரில் ஊறவைத்தால் எல்லாம் மூழ்கிச் செத்துவிடும்.

உண்மை: நிறையச் சாகும், எல்லாம் சாகாது. உடம்பு நனைந்ததும் மைட் மேட்டைத் தேடி ஏறும். பாம்பின் உடம்பில் தண்ணீருக்கு மேலே இருப்பது தலை. குளித்து முடித்த பாம்பின் கண்ணோரம் முன்பைவிடக் கூட்டமாக இருந்தால் காரணம் இதுதான். தலையை அமுக்கிப் பிடிப்பது கொடுமை. அதனால் லாபமும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரை உடம்பின் பாதி உயரத்துக்கு விட்டு, கண்முன்னே வைத்துக்கொண்டு ஊறவிடுங்கள். தலையில் தேங்கியவற்றை ஈரமான பஞ்சுக்குச்சியால் எடுத்துவிடலாம். பாம்புக்கு இது உடனடி ஆறுதல் தரும். முட்டைகளோ பாம்பின் மேல் இல்லை, பெட்டியில் இருக்கின்றன. குளியல் அங்கே எட்டாது.

நம்பிக்கை: பாம்பின் மேல் ஒன்றும் தெரியவில்லை, ஒழிந்துவிட்டது.

உண்மை: அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மைட்டின் வாழ்வில் ஐந்து நிலைகள் உண்டு: முட்டை, குஞ்சு, முதல் இளநிலை, இரண்டாம் இளநிலை, வளர்ந்தது. இவற்றில் ரத்தம் குடிப்பவை முதல் இளநிலையும் வளர்ந்ததும் மட்டுமே. மற்ற மூன்றுக்கும் பாம்பே தேவையில்லை. குடிக்கிறவையும் வயிறு நிறைந்ததும் இறங்கிப்போய் இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கில் ஒதுங்கும். பெட்டி மூடியின் விளிம்பு, மறைவிடத்தின் அடி, மரக்கட்டையின் விரிசல், கண்ணாடி ஒட்டிய சிலிக்கான் ஓரம் எல்லாம் அதற்கு வீடு.

ஒரு பெண் மைட் தன் ஆயுளில் சில தவணைகளாக அறுபது எண்பது முட்டை இடும். முட்டை ஒன்று முதல் நான்கு நாளில் பொரியும். பொரித்தது வளர்ந்து முடிய, வெப்பத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். வளர்ந்தது நாற்பது நாள் வரை இருக்கலாம். ஆண் துணை இல்லாத பெண்ணும் முட்டை இடும். அதிலிருந்து ஆண்கள் மட்டும் பிறக்கும்; அந்த ஆண்களோடு கூடினால் பெண்களும் பிறக்கும். ஆகவே தப்பிப் பிழைத்த ஒரே பெண் ஒரு புதிய கூட்டத்துக்குப் போதும். பசித்த இளநிலை, இரையில்லாமலே சில வாரம் தாக்குப்பிடிக்கும். பெட்டியை ஒரு வாரம் காலியாகப் போட்டுவைத்தால் ஒழிந்துவிடாது என்பதற்கும் காரணம் இதுவே.

இந்தக் கணக்கிலிருந்து வைத்தியமும் தானாக வந்துவிடும். பாம்பைக் கவனித்துக்கொண்டே பெட்டியையும் கவனிக்க வேண்டும். தரையில் போட்ட தூளையும் பட்டையையும் பைக்குள் கட்டி வீட்டுக்கு வெளியே எறியுங்கள். மரச்சாமான் விலை உயர்ந்ததாக இருந்தாலும் மனம் இளகாதீர்கள். பிளாஸ்டிக்கையும் பீங்கானையும் கொதிக்கக் காய்ந்த நீரில் கழுவிக் காயவையுங்கள். பெட்டியில் வெள்ளைக் காகிதம், மறைவிடமாக ஒரு பிளாஸ்டிக் டப்பா, தண்ணீர்க் கிண்ணம், இவ்வளவு போதும். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். பாம்புக்கு இது வெறிச்சென்ற குடித்தனம்தான், ஆனால் மைட்டுக்கு ஒளிய இடமில்லை. மருத்துவர் தரும் மருந்தும் பெரும்பாலும் முட்டையைக் கொல்லாது. அதனால் அவர் சொன்ன இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். மொத்தம் ஆறு வாரம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மைட்டைப் பார்த்த தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். நடுவில் ஒன்று தென்பட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

நம்பிக்கை: வேப்பெண்ணெய், அந்துருண்டை என்று வீட்டு மருந்து இருக்கும்போது பயமில்லை.

உண்மை: எந்த எண்ணெயும், ஆலிவ் எண்ணெயானாலும் வேப்பெண்ணெயானாலும், தான் மூடிய மைட்டை மூச்சுத்திணற வைக்கும். கண்ணோரத்தில் ஒரு துளி தொட்டு வைப்பது பழைய வழக்கம். உடம்பு முழுக்கப் பூசினால் பாம்பு அழுக்கை ஒட்டிக்கொண்டு அலையும். இடுக்கில் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

அந்துருண்டை வேறு கதை. மூடிய பெட்டிக்குள் அதன் ஆவியைப் பாம்பு விடாமல் சுவாசிக்க வேண்டியிருக்கும், அது நஞ்சு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லி ஊறிய பட்டைகளைப் பெட்டியோரம் தொங்கவிட்டார்கள். மைட் செத்தது, அளவு மீறியபோது பாம்பும் செத்தது. நஞ்சேறிய பாம்பு நடுங்கும். மல்லாத்தினால் புரண்டு எழத் தெரியாது. மைட்டுக்கென்று சிலர் தூவும் டயடோமைட் தூளும் காற்றில் பறந்து சுவாசத்தை உறுத்தும்.

நம்பிக்கை: நாய்க்கு அடிக்கிற உண்ணி மருந்து பாம்புக்கும் பொருந்தும்.

உண்மை: ஃபிப்ரோனில், ஐவர்மெக்டின், பெர்மெத்ரின் மூன்றையும் மருத்துவர்கள் பாம்பு மைட்டுக்குப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் முறை வேறு. ஃபிப்ரோனிலைத் துணியில் நனைத்துத் துடைப்பார்கள். முகத்துக்கு நேரே அடிப்பதில்லை. ஊர்வனவற்றுக்கென்று அமெரிக்காவில் விற்கும் பெர்மெத்ரின் தெளிப்பானைப் பாம்பில்லாத பெட்டியில் அடித்து, நன்றாகக் காய்ந்து ஆவி போன பிறகே பாம்பை விடுவார்கள். தண்ணீர்க் கிண்ணம் வெளியே இருக்க வேண்டும். வீட்டில் பூனையோ மீன்தொட்டியோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பெர்மெத்ரின் இரண்டுக்கும் எமன். ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொல்லும் என்பதை 1983இல் வெளியான ஆய்வே காட்டிவிட்டது. பாம்புக்குக் கலக்கிய மருந்தின் மிச்சத்தைப் பக்கத்துத் தொட்டி ஆமைக்கும் தெளிப்பவர் ஆமையை இழப்பார். மெலிந்த பாம்பு, குட்டி, தோலுரிக்கப்போகும் பாம்பு ஆகியவற்றுக்கு அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

நம்பிக்கை: மைட்டை ஒழிக்க இன்னொரு மைட்டை விடுவது பைத்தியக்காரத்தனம்.

உண்மை: பசுமைக்குடில் விவசாயத்தில் பூச்சிகளைத் தின்ன விடப்படும் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்ற வேட்டை மைட் பாம்பின் ரத்தத்தைக் குடிக்காது, ரத்தம் குடிக்கும் மைட்டைத் தின்னும். இரை தீர்ந்ததும் தானும் தீர்ந்துபோகும். மேற்கு நாடுகளில் பலர் இதை வாங்கி விடுகிறார்கள். ரசாயன மருந்து அடித்த பெட்டியில் இதை விட்டால் இதுவும் சாகும் என்பதால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சாகக் கிடக்கும் பாம்புக்கு இந்த மெதுவான வழி உதவாது.

நம்பிக்கை: மனிதர் மேல் ஏறிக் குடியேறிவிடும்.

உண்மை: பெட்டியில் மைட் பெருகிவிட்டால் கையில் கடிக்கலாம், சிவந்து தடித்து அரிக்கும். மனித உடம்பில் அது குடித்தனம் நடத்தாது. பாம்பைச் சரிசெய்தால் உங்கள் தோலும் சரியாகும்.

நம்பிக்கை: தெரிந்தவரிடம் வாங்கிய பாம்பு, தனியே வைக்க வேண்டியதில்லை.

உண்மை: தெரிந்தவர் நல்லவர்தான். அவருக்கே தெரியாத மைட்டைப் பற்றித்தான் பேச்சு. புதுப் பாம்பு இரண்டு மூன்று மாதம் வேறு அறையில், வெள்ளைக் காகிதத்தின் மேல் இருக்கட்டும். பழைய பாம்புகளை முதலில் கவனித்துவிட்டுப் புதியதைக் கடைசியாகத் தொடுங்கள். பிறகு கையைக் கழுவி, சட்டையை மாற்றுங்கள். கொக்கியும் இடுக்கியும் இரண்டு இடத்துக்கும் தனித்தனி. ஒரு பாம்பை அத்தனை நாள் தனியே வைக்க இடமில்லாத வீட்டில் இரண்டாவது பாம்புக்கும் இடமில்லை என்று முடிவு செய்துகொள்வது நல்லது.